மாஸ்டரின் இடது கை

காலையில் முப்பது ஊசிகளில் நூல் கோத்து வைப்பது மாஸ்டருடைய மனைவியின் வேலை. அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்குள் முடித்துவிடுவாள். பச்சை பத்து, சிவப்பு எட்டு, மஞ்சள் நாலு, மீதி எட்டும் அன்றைக்குத் தைக்கப்போகும் பூவின் நிறத்தில். கோத்த ஊசிகளை உள்ளங்கை அகலப் பஞ்சுமெத்தையில் வரிசையாகக் குத்தி, ஜன்னலோர நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியில் வைப்பாள். எட்டரை மணிக்கு மாஸ்டர் வந்து உட்காருவார். தொண்டையைச் செருமுவார். மெத்தையை ஒரு பார்வை பார்ப்பார்.

"பச்சையை நீளமா விட்டுட்டே."

பச்சை நீளமாக இருக்காது. முந்தின நாள் எந்த அளவோ அதே அளவுதான். முந்தின நாள் குட்டை என்று சொல்லியிருப்பார்.

மாஸ்டருக்கு ஊசியின் காது கண்ணுக்குத் தெரியாமல் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இது வெளியே யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள்ளும் அப்படிச் சொல்வது வழக்கமில்லை. "கோக்கறது எடுபிடி வேலை. தைக்கறதுதான் கலை" என்று அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்ன கண் டாக்டரிடம், "கண்ணாடி போட்டவன் தைச்ச சால்வையை எவன் நம்பி வாங்குவான்?" என்று கேட்டுவிட்டு வந்தவர் பிறகு அந்தத் தெரு வழியாகவே போவதில்லை. தன் விரலுக்கே கண் உண்டு என்பது அவர் கட்சி. இருந்தால் அந்தக் கண்ணுக்கும் வயதாகியிருக்க வேண்டும்.

மாஸ்டர் என்ற பட்டம் யார் கொடுத்தது என்று தெருவில் யாராவது கேட்டால் நேராகப் பதில் வராது. வாசலில் தொங்கும் தகரப் பலகைக்கு அவரே சிவப்புப் பெயிண்ட் வாங்கிக் கொடுத்து எழுதச் சொன்னார். பலகை எழுதியவன் முதலில் கூப்பிட்டான், அவனைப் பார்த்துப் பால்காரர் கூப்பிட்டார், பிறகு ஊரே கூப்பிட்டது. ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முப்பது வயதில் மாஸ்டர் நன்றாகத்தான் தைத்தார். மெல்லிய கம்பளித் துணியை முழங்காலில் விரித்து, சட்டம் கிட்டம் எதுவும் இல்லாமல், ஒரு ரோஜாவின் நாற்பது இதழையும் ஒரே நாளில் முடித்து எழுந்துவிடுவார். அந்த ரோஜாவைப் பற்றி இருபத்தைந்து வருஷமாகப் பேசிக்கொண்டிருந்ததுதான் தப்பு. பேசப்பேச ரோஜா பெரிதாகிக்கொண்டே போனது, தையல் சுருங்கிக்கொண்டே வந்தது.

கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஒரு துண்டுத் துணியில் இலை ஒன்று தைத்துக் கொண்டுவந்து காட்டினாள். மாஸ்டர் இலையைப் பார்க்கவில்லை. ஊசி பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"வலது கை என்ன, லீவுல போயிருக்கா?"

"சின்ன வயசுலேருந்து இதுதாங்க வருது."

"இடது கைத் தையல் கடையில போகாது. சாய்மானம் மாறிப்போகும். சரி, ஆசைப்படறே. ஓரம் போடு. ஓரம் மடிப்புக்குள்ள போயிடும், எவனும் பாக்கமாட்டான்."

அன்றைக்குக் கையில் வந்த ஓரம் இருபத்துநாலு வருஷம் ஆகியும் அவள் கையை விட்டுப் போகவில்லை. ஒரு சால்வையின் நாலு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு இலை, தண்டு, மொட்டு, மறுபடியும் இலை. சுற்றி வந்தால் ஆயிரத்து நூறு இலைக்குக் குறையாது. நடுவில் உள்ள பூக்களும் நாலு மூலைக் கொத்துகளும் மாஸ்டருடையவை. வருகிறவர்கள் நடுவைப் பார்த்து ஆகா என்பார்கள். மாஸ்டர் தலையைக் குனிந்துகொள்வார். ஓரத்தைப் பற்றி எவராவது கேட்டுவிட்டால், "அதுவும் நம்ம கைதான்" என்பார். நம்ம என்பதில் எத்தனை பேர் அடக்கம் என்று அவர் பிரித்துச் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் கைத்தொழில் பயிற்சி நிலையத்தில் தலைமை மாஸ்டர் வேலை காலியானது. சொந்தக் கையால் முதலிலிருந்து முடிவுவரை தைத்த ஒரு சால்வையைப் பரிசோதனை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவர்கள் 'ஒரு கை வேலை, முதல் தரம்' என்று முத்திரை போட்டால் வேலை நிச்சயம். அறிவிப்பைப் படித்துக் காட்டியது மச்சினன். மாஸ்டருடைய மனைவிக்குத் தம்பி, அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவன்.

"மாமா, இதுல ஒரு கைன்னு போட்டிருக்கு."

"ஆமா. எனக்கு என்ன நாலு கையா?"

"இல்ல, அக்கா..."

"மாப்ளே, நீ முதல்ல எனக்கு ஒரு கோட்டுக்கு அளவெடு. தலைமை மாஸ்டர் வெறும் சட்டையோடவா போய் உக்காருவான்?"

வேலை கிடைப்பதற்கு முன்பே கோட்டு தைத்தாகிவிட்டது. சாம்பல் நிறம், உள்ளே வழவழவென்று துணி. பயிற்சி நிலையத்தில் தலைமை மாஸ்டருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி உண்டு என்றும், மற்றவர்களுக்கு வெறும் பெஞ்சுதான் என்றும் மாஸ்டர் விசாரித்து வைத்திருந்தார். அந்தக் கைப்பிடியில் கோட்டின் முழங்கை எப்படி அமரும் என்று வீட்டில் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு மூன்று முறை பார்த்துக்கொண்டார். அவருக்கு அந்த நாற்காலி வேண்டியிருந்தது. வாழ்நாளில் அவர் இப்படி மனம் விட்டு வேறு எதையும் ஆசைப்பட்டதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்போது கையில் இருந்தது இரண்டு வருஷ வேலை, கருநீலச் சால்வை. முடிந்ததும் அவள் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினாள். தையலுக்கு அடையாளமாகத் துணியில் பதித்திருந்த, கோலப்பொடி போன்ற அச்சுக்கோடு போகவேண்டும், இரண்டு வருஷக் கையழுக்கும் போகவேண்டும், ஆனால் பிழியக்கூடாது. துண்டில் சுருட்டி, முழங்காலால் அமுக்கி ஈரம் எடுத்து, கட்டிலில் விரித்து ஓரம் முழுக்கக் குண்டூசி குத்தினாள். சால்வை காயும்வரை இரண்டு நாள் சால்வை கட்டிலிலும் தம்பதி தரையிலும் படுத்தார்கள். "என் வேலைக்கு நான் குடுக்கற மரியாதை" என்றார் மாஸ்டர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

பரிசோதனை அலுவலகத்தில் நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பரிசோதகர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு குமாஸ்தா. மாஸ்டர் கோட்டோடு போயிருந்தார். சால்வையை ஒரு உதறு உதறி, நடுப் பூ மேலே தெரிகிறபடி விரித்து, ஓரடி பின்னால் நகர்ந்து ஆகாவுக்குக் காத்திருந்தார்.

அம்மாள் ஆகா சொல்லவில்லை. நடுவைப் பார்க்கக்கூட இல்லை. சால்வையைக் குப்புறப் புரட்டி, ஓரத்தைக் கையில் எடுத்து, லென்ஸை வைத்தார். போலிச் சால்வை செய்கிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுவது ஓரத்தில்தான் என்பதால் அங்கே சோதனை ஓரத்தில்தான் தொடங்கும். மடிப்புக்குள் போகிற இடத்தை எவனும் பார்க்கமாட்டான் என்று நினைத்தது மாஸ்டர் ஒருவர் மட்டும் இல்லை.

ஓரத்தை முழுக்க ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அம்மாள் நடுவுக்கு வந்தார். பிறகு மறுபடியும் ஓரத்துக்குப் போனார்.

"ஐயா, நடுவுல தையல் எல்லாம் வலது பக்கம் சாயுது. ஓரத்துல எல்லாம் இடது பக்கம் சாயுது. இது ரெண்டு பேர் கை."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மாஸ்டர் யோசிக்கவே இல்லை. யோசித்துச் சொல்லும் பொய் அவருக்கு வராது.

"ரெண்டும் என் கைதாம்மா. நடு வலது கையால. ஓரம் இடது கையால."

குமாஸ்தா எழுதுவதை நிறுத்தினார்.

"ரெண்டு கையாலயும் தைப்பீங்களா?"

"வலது கை ஓய்ஞ்சா இடது கை. தொழில்னு வந்தாச்சு, ஒரு கையை மட்டும் வேலை வாங்கிட்டு இன்னொண்ணைச் சும்மா உக்கார வைக்கலாமா?"

அம்மாள் லென்ஸை மூடினார். "நல்லது. அப்ப வர்ற திங்கக்கிழமை வந்து இடது கையால ஒரு இலை போட்டுக் காட்டுங்க."

"ஒண்ணு என்னம்மா, ஒன்பது போடறேன்."

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். பிறகு அந்த அலுவலகத்தில் மின்விசிறி சரியில்லை என்றார். குமாஸ்தாவுக்கு மரியாதை தெரியவில்லை என்றார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, "இந்தாம்மா, அந்த இலை இருக்கே, அதை நீ எப்படித் தொடங்குவே? நுனியிலேருந்தா, காம்பிலேருந்தா?" என்று போகிறபோக்கில் கேட்டார்.

இருபத்துநாலு வருஷத்தில் அவர் கேட்ட முதல் சந்தேகம் அது. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "எதுக்கு?" என்றாள்.

சொல்ல வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் கேட்டபிறகு அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கோபப்பட ஒரு வழி கிடைத்திருக்கும்.

"ஓரம் நான் போட்டதுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா ஒரு கை வேலைன்னு எப்படி எழுதுவான்? நாற்காலி போயிடாதா?"

"அதுக்கு?"

"அஞ்சு நாள் இருக்கு. கத்துக் குடு."

அந்த ஐந்து நாளைப் பற்றித் தெருவில் பலவிதமாகச் சொல்கிறார்கள். உண்மை இதுதான். ஜன்னலோர நாற்காலியில் மாஸ்டர் இடது கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் கத்தரிக்கோலோடு நின்றாள். மாஸ்டரின் இடது கை அதுவரை செய்த உருப்படியான காரியம் வலது கையைச் சொறிந்துவிட்டதுதான். ஊசி ஒரு பக்கம் போனது, நூல் ஒரு பக்கம் போனது. முதல் நாள் சாயங்காலம் துணியில் ஏதோ ஒன்று உருவாகியிருந்தது.

"இது என்ன?" என்றாள் அவள்.

"இலை."

"இலையா? கம்பளிப் பூச்சி ஊர்ந்து போன மாதிரி இருக்கு. பிரிங்க."

பிரிங்க என்ற அந்தச் சொல் அவருடையது. எத்தனையோ சாயங்காலங்களில் அவளைப் பார்த்துச் சொன்னது. அவர் பிரித்தார். மறுநாள் அவள், "நூலை இழுக்கறீங்களா, கிணத்துல தண்ணி இறைக்கறீங்களா?" என்றாள். அதுவும் அவருடையதுதான். மூன்றாம் நாள், "கண்ணை எங்க வெச்சிருக்கீங்க, முதுகுலயா?" என்றாள். இதையெல்லாம் அவள் குரலை உயர்த்தாமல், ஒரு வார்த்தை மாறாமல், பத்திரப்படுத்தி வைத்திருந்ததை எடுத்துக் கொடுப்பதுபோலச் சொன்னாள். மாஸ்டருக்கு எல்லாம் எங்கேயோ கேட்டதுபோல் இருந்ததே தவிர, எங்கே என்று பிடிபடவில்லை.

நாலாம் நாள் மச்சினன் வந்தான்.

"என்ன மாமா, வலது கையில கட்டு?"

"ஊசி பட்டுது."

"அஞ்சு விரல்லயுமா? ஊசி என்ன, வரிசைல நின்னு குத்திச்சா?"

"மாப்ளே, உன் மெஷின்ல காலை மிதிச்சு ஓட்டறவனுக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரியறது ஒண்ணுதான் மாமா. அக்காவைக் கூட்டிட்டுப் போய், இவதான் போட்டான்னு சொன்னா ரெண்டு நிமிஷம். நீங்க நாலு நாளாக் குத்துப்படறீங்க."

"உங்கக்கா வரத்தான் போறா. தைக்கும்போது கோட்டைக் கழட்டணும் இல்ல? பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

திங்கட்கிழமை இருவரும் போனார்கள். மாஸ்டர் சட்டைப்பையில் முன்கூட்டியே கோத்த பத்து ஊசிகள் ஒரு சின்னத் துணியில் இருந்தன. ஐந்து நாளில் அவர் இலையும் கொஞ்சம் தேறியிருந்தது. தூரத்தில் பிடித்துக் காட்டினால் இலை என்று சொல்லலாம், அதுவும் பக்கத்தில் மரம் இருந்தால். அந்தத் தைரியத்தில் அவர் கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்து, மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, துணியைப் பிரித்தார்.

"அதை உள்ள வையுங்க ஐயா," என்றார் பரிசோதகர் அம்மாள். "இங்க ஆபீஸ் துணி, ஆபீஸ் நூல், ஆபீஸ் ஊசிதான்."

குமாஸ்தா ஒரு சதுரத் துணியும், ஒரு நூல்கண்டும், காது காலியாக ஒரு ஊசியும் கொண்டுவந்து வைத்தார்.

மாஸ்டர் ஊசியை எடுத்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். நூல்முனையை நாக்கில் நனைத்தார். குத்தினார். நூல் ஊசியின் இந்தப் பக்கம் போனது. மறுபடியும் நனைத்தார். அந்தப் பக்கம் போனது. மூன்றாவது முறை நூல் காதுக்குக் கொஞ்ச தூரத்தில் காற்றில் நுழைந்து வந்தது. குமாஸ்தா பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"இந்தாம்மா," என்று மாஸ்டர் பின்னால் திரும்பாமலே கையை நீட்டினார். "கோத்துக் குடு. இந்த எடுபிடி வேலைக்குத்தான் ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்."

கோட்டு மடியில் இருந்தது. அவள் ஊசியை வலது கையில் நிறுத்தி, நூலை இடது கையில் எடுத்து, பார்க்காமலே கோத்து, முனையில் ஒரு முடிச்சுப் போட்டு நீட்டினாள். மொத்தம் ஒரு கொட்டாவி விடும் நேரம். அம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் தைத்தார். அரைமணி நேரம் ஆனது. நெற்றியில் வியர்வை, துணியில் ஒரு சொட்டு ரத்தம். அம்மாள் அதை லென்ஸில் பார்த்தார். அவசரப்படாமல், மரியாதையாகப் பார்த்தார். லென்ஸை எடுத்துவிட்டு மாஸ்டரைப் பார்க்காமல் பின்னால் பார்த்தார்.

"நீங்க ஒரு இலை போடுங்களேம்மா."

அவள் கணவனைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு தலையசைப்புப் போதும், அவள் எனக்கு வராது என்று சொல்லியிருப்பாளோ என்னவோ. மாஸ்டருக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளத் தெரியாது.

"அவளுக்கு என்னம்மா தெரியும்? சமையல் கட்டுல கிடக்கறவ. ஊசியை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னே நான்தான் சொல்லணும்."

அவள் எழுந்தாள். கோட்டை இரண்டாக மடித்து அவர் மடியில் வைத்தாள். துணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நின்றபடியே தைத்தாள். குமாஸ்தா ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு முடிப்பதற்குள் இலை முடிந்துவிட்டது. அம்மாள் கருநீலச் சால்வையின் ஓரத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஆயிரத்து நூறோடு ஒன்று சேர்ந்தது. எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை.

குமாஸ்தா அவளிடம் பெயர் கேட்டார். சொன்னாள். கேட்டு எழுதி, "எழுத்து சரியா இருக்கா பாருங்க ஐயா" என்று படிவத்தை மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், கை நீள்கிற தூரத்துக்குக் கொண்டுபோனார், இரண்டு இடத்திலும் ஒன்றும் தெரியாமல், "சரிதான்" என்றார்.

படிவத்தில் இருந்ததை அவள் பேருந்தில் படித்துச் சொன்னாள். ஓரம், முதல் தரம். நடுவும் மூலைகளும், இரண்டாம் தரம். இரு கை வேலை. தலைமை மாஸ்டர் வேலைக்கு இந்தச் சால்வையை ஏற்க இயலாது. அவள் அதைக் கடைசிவரை ஒரே சீராகப் படித்தாள். மாஸ்டர் அந்த வெயிலில் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். நாலு நிறுத்தம் வரைக்கும் அப்படியே. அந்த நாலு நிறுத்தமும் அவர் உண்மையாகவே உடைந்துபோய்த்தான் இருந்தார். ஐந்தாவது நிறுத்தத்தில் முகம் கொஞ்சம் தெளிந்தது. இறங்கும்போது கதை தயாராக இருந்தது.

"ஒரே சால்வைக்கு ரெண்டு தரம் குடுத்திருக்கான்," என்று தேநீர்க்கடையில் சொன்னார். "இதுவரைக்கும் எவனுக்கும் குடுத்ததில்லை."

"முதல் தரம் யாருக்கு மாமா?" என்றான் அங்கே நின்றிருந்த மச்சினன்.

"நம்ம வீட்டுக்குத்தான்."

"நாற்காலி?"

"கைப்பிடி வெச்ச நாற்காலில உக்காந்து தைக்க முடியுமா மாப்ளே? முழங்கை இடிக்கும். நான்தான் வேணாம்னுட்டேன்."

பத்து நாள் கழித்துப் புதுத் துணி வந்தது. வெள்ளைக் கம்பளி, மேலே அச்சுக்கோடு போட்டு. மாஸ்டர் வழக்கம்போல் எட்டரைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். முக்காலிக்கு அந்தப் பக்கம் அவள் ஊசி கோத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கொஞ்சம் தாமதம், பதினோரு ஊசிதான் ஆகியிருந்தது. மாஸ்டர் துணியை முழங்காலில் விரித்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, தொண்டையைச் செருமினார். பெருந்தன்மையாக ஒன்று சொல்வதற்கு முன் செருமுகிற செருமல் அது.

"இந்தத் தடவை ஒரு மாத்தம் பண்ணலாம்னு நெனச்சேன். நடுவுல பூவெல்லாம் நீ போட்டுடு. உனக்கும் ஆசை இருக்கும். ஓரத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் பன்னிரண்டாவது ஊசியை மெத்தையில் குத்தினாள்.

"விசாரிச்சுட்டேன். அந்த ஆபீஸ்ல நடைமுறையே அப்படித்தானாம். ஓரத்துக்குத்தான் முதல் தரம் குடுக்கறான். நடுவுக்கு எவ்வளவு நல்லாப் போட்டாலும் ரெண்டாந்தரம்தான். அது தெரியாம நான் இத்தனை வருஷம் ஓரத்தை உங்கிட்டக் குடுத்து வெச்சிருந்திருக்கேன் பாரு." தன் ஏமாளித்தனத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. "என்ன சொல்றே?"

அவள் நூல்கண்டை முக்காலியில் வைத்தாள். பஞ்சுமெத்தையைப் பன்னிரண்டு ஊசியோடு இடது கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பச்சை நீளமா இருக்கா பாத்துக்க," என்றார் மாஸ்டர். "என்ன, சரிதானே நான் சொல்றது?"

அவள் அறையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.